பெயருக்கு ஒரு சுழி

11-7-88, திங்கள்
வெயில். விளாங்குடியில் முதல் பஸ் நிற்கவில்லை. செருப்பு வார் அறுந்தது, ஊக்கு போட்டேன்.

தல்லாகுளம் கம்ப்யூட்டர் சென்டர். டுட்டோரியல் மாணவர் பட்டியல், அறுநூறு பேர். ஓடி முடிய நாற்பது நிமிடம். நான் எழுதிய புரோகிராம்தான். முதலில் பெயர், நம்பர் மட்டும், பத்துப் பேர். பிறகு சென்டர் முதலாளி சார் சேர்க்கச் சொன்னவை: ஊர், அப்பா பெயர், பஸ் பாஸ், ரத்த வகை.

ஆபரேட்டர் முருகேசன் அண்ணன்: "குதிரையா இருந்துச்சு. இம்புட்டையும் ஏத்தி எருமையாக்கிட்டியே தாயி."

சார்: "வெள்ளிக்குள்ள சரியாகலைன்னா மெட்ராஸ்ல ரெடிமேடா வாங்கிருவேன். அதுக்குத் தனியா ஆள் வேணாம்." ஆள் என்றால் நான். சரி என்றேன்.

12-7, செவ்வாய்
ரத்த வகையை எடுத்து ஓட்டினேன். நாற்பது. பஸ் பாஸையும். நாற்பது. ஊர், அப்பா பெயர். முப்பத்தொன்பது. எல்லாவற்றையும் திரும்ப வைத்தேன். சுமை அங்கே இல்லை.

அம்மா: "வேலை நெரந்தரமாயிருச்சா?" ம் என்றேன். ரசம், அப்பளம்.

14-7, வியாழன்
தூறல். ஒவ்வொரு பெயருக்கு முன்னும் திரை ஒரு முறை சிமிட்டும். லோ வோல்டேஜ் என்பார் அண்ணன். இன்று ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. அப்போதும் சிமிட்டியது.

புரோகிராமைத் தாளில் எடுத்து வரிவரியாகப் படித்தேன். முதல் நாள் எழுதியது: பிள்ளையார் சுழி. பரீட்சைத் தாள் பழக்கம். திரையில் புள்ளி புள்ளியாக வரைந்து, அழித்துவிட்டுப் பெயருக்குப் போகிறது. பட்டியலின் தலையில் ஒரு தடவை என்று நினைத்தது, பெயருக்குப் பெயர் சுற்றும் இடத்துக்குள் கிடக்கிறது. அறுநூறு சுழி. யாரும் கேட்காமல் நான் சேர்த்தது அது ஒன்றுதான்.

மேலே நகர்த்தினேன். ஏழு நிமிடம். சந்தோஷம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். பசித்தது.

15-7, வெள்ளி
சார் வாட்சைப் பார்த்தபடி நின்றார். ஏழு நிமிடம்.

"எதைம்மா எடுத்த?"

"எதையும் எடுக்கல சார். பிள்ளையார் சுழி ஒவ்வொரு பேருக்கும் வந்துச்சு. ஒண்ணே ஒண்ணாக்கிட்டேன்."

"பேருக்குப் பேரு பிள்ளையாரா?" கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அத்தனையும் பெயிலான பிள்ளைகம்மா. மெட்ராஸ்காரன் வைப்பானா இத? பழையபடியே வச்சிரு. மெதுவா வரட்டும்."

அண்ணன்: "எருமைக்கு வேலை பெர்மனென்ட்."

சுழியைத் திரும்ப உள்ளே வைத்தேன். நாற்பது நிமிடம். திரை சிமிட்டுகிறது. யாரும் வோல்டேஜைச் சொல்லவில்லை.