எண்பது கரண்டி

உன்னுடைய பேணி நேற்று என் கடைக்குத் திரும்பி வந்தது, மச்சான். இரண்டு கிலோ புரோட்டீன் மா வந்த அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பேணி. மூடியைத் திறந்ததும் மிளகாய்த்தூள் மணம் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. ஐந்து வருடமாக உன் அம்மா அதில் தூள்தான் போட்டு வைத்திருந்தாராம். கழுவி வெயிலில் காயவைத்தும் மணம் போகவில்லை. முன்பக்கத்தில் இருந்த பெரிய புயத்தின் படம் பாதி உரிந்துவிட்டது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த சேர்மான வரிகள் மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே இருந்தன.

கொண்டுவந்தவன் உன் தம்பி. முதலில் சுவரில் இருக்கும் உன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எண்ணெய் பூசி, நெஞ்சை விரித்து, கழுத்தில் மெடலோடு நீ நிற்கும் படம். பிறகு பேணியை மேசையில் வைத்தான்.

"அண்ணை, எங்கடை அண்ணை குடிச்சது இதுதானாம். அம்மா சொன்னவ. இதிலையே ஒண்டு எடுத்துத் தாங்கோ."

அவனும் ஜிம்முக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். உன்னுடைய ஆண்டுத் திவசம் முடியும்வரை சைவம் பிடிக்கிறானாம். அதனால்தான் நீ குடித்ததைத் தேடி வந்திருக்கிறான். காசை எடுத்துக்கொண்டே கேட்டான்: "இதிலை மச்சம் ஒண்டும் இல்லைத்தானே?"

நீ கேட்ட அதே கேள்வி. ஒரு சொல்கூட மாறவில்லை. எனக்கு இன்னொரு தும்மல் வந்தது. நல்ல வேளை என்று நினைத்தேன், பதிலைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமே.

உனக்கு நான் சொன்ன பதிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும்.

நீ முதன்முதலாக ஜிம்முக்கு வந்தது கடலிலிருந்து நேராக. நெல்லியடிப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட அந்த மண்டபத்துக்குள் நீ நுழைந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "குளிச்சிட்டு வா" என்பதுதான். நீ சிரித்துவிட்டு வெளிக்கிணற்றில் இரண்டு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு வந்தாய். உன் முதுகைப் பார்த்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். நாங்கள் மாதக்கணக்கில் இரும்பைத் தூக்கி வரவைக்கப் பார்த்ததை, நீ வலை இழுத்தே வரவைத்திருந்தாய்.

அதற்குப் பிறகு நாங்கள் சோடி. காலையில் பத்து முட்டை அவிப்போம். வெள்ளை எல்லாம் உனக்கு, மஞ்சள் எல்லாம் எனக்கு. "எறியக் கூடாது, சாப்பாடு" என்று நீ பிடிவாதம் பிடித்தாய். ஆறு மாதத்தில் உனக்கு நெஞ்சு வந்தது, எனக்கு வயிறு வந்தது. அந்த வயிறு இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

பிறகு நான் இந்தக் கடையைத் திறந்தேன். புரோட்டீன் மா, கிரியேட்டின், விற்றமின் குளிசை, ஷேக்கர். எல்லாப் பேணியிலும் ஆங்கிலம். நீ எட்டாம் வகுப்போடு தொழிலுக்குப் போனவன். ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைப்பாய். எதில் எவ்வளவு புரதம், எதில் வெறும் சீனி, எதில் படம் பெரிதாகவும் சரக்குச் சின்னதாகவும் இருக்கிறது என்று நான் வாசித்துச் சொல்வேன். நீ மேசையருகில் நின்றபடி தலையாட்டுவாய். "நீ வாசி, நான் குடிக்கிறன்" என்பாய். கடைக்கு வந்த எல்லோரிடமும் அதைச் சொல்வாய். எனக்கு அது பெரிய பெருமை.

அந்த வருடம் மாகாணப் போட்டிக்கு உன்னை இறக்குவது என்று முடிவெடுத்தோம். நான்கு மாத வேலை. அட்டவணை போட்டு, தராசு வாங்கி, பிட்டைக்கூட நிறுத்துச் சாப்பிட்டாய். மீன் உனக்கு வீட்டுக் கோழி மாதிரி, கையெட்டும் தூரத்தில். புரதத்துக்கு என்ன குறை என்று நான் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் தம்பி போன படகின் இயந்திரம் நடுக்கடலில் நின்றது. காற்று இழுத்துப்போய் எல்லைக்கு அப்பால் விட்டது. அக்கரையில் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார்கள் என்று மூன்றாம் நாள்தான் செய்தி வந்தது. அன்று பின்னேரம் நீ ஜிம்முக்கு வந்து, எடை தூக்கும் வாங்கில் சும்மா இருந்தாய்.

"எங்கடை கோயில் அம்மாளுக்கு நேர்த்தி வைச்சிட்டன், மச்சான். தம்பி வாசல்ல வந்து நிக்கும்வரை மச்சம் தொடமாட்டன்."

எனக்கு எரிச்சல் வந்தது. அதை மறைக்கவும் இல்லை. மச்சம் என்றால் உங்கள் வீட்டில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, முட்டையும் அதில் சேர்த்திதான். மெதடிஸ்ற் கிறிஸ்தவ வீட்டில் பிறந்த எனக்கு இதெல்லாம் பிடிபடாது.

"உனக்கென்ன விசரே? ஆரின்ரை சட்டியிலை என்ன கிடக்குதெண்டோ கடவுள் எட்டிப் பாக்கிறார்?"

"உன்ரை ஆள் பாக்காமல் விடலாம். எங்கடை அம்மாள் பாப்பா."

அதோடு கதை முடிந்தது. மறுநாள் முதல் நீ கரையில் மீன்கூடை சுமந்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோயாமீட் தின்றாய். கௌபி, பயறு, தயிர், முருங்கையிலை. கரையில் எல்லோரும் உன்னைப் பகிடி பண்ணினார்கள். ஐயர் படகு ஓட்டுகிறார் என்றார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் ஒருநாள் மீனெண்ணெய்க் குளிசையை நீட்டினேன், இதை மருந்தாக நினை என்றேன். "கடல்ல நான் பிடிச்ச மீனை விட்டிட்டு, குளிசையுக்கை ஆரோ பிடிச்ச மீனை விழுங்கிறதோ?" என்று கேட்டுத் திருப்பித் தந்தாய்.

பாலிலிருந்து எடுத்த புரோட்டீன் மா உன் நேர்த்திக்குச் சரிதான். ஆனால் உன் வயிற்றுக்குச் சரிவரவில்லை. ஒரு குவளை குடித்தால் வயிறு மேளம்போல ஊதும். படகில் பட்ட பாட்டை நீ நடித்துக் காட்டினால் ஜிம்மே சிரிக்கும். பயறு, பட்டாணியில் செய்த மா அப்போது கிடைக்கவில்லை. வெளியிலிருந்து சாமான் வருவது நின்றிருந்த காலம். என் தட்டுகளில் பாதி வெறுமை.

போட்டிக்கு ஏழு கிழமை இருக்கும்போது உன் கை வற்றத் தொடங்கியது. நாடாவால் அளந்தேன். அளவைக் கூட்டிச் சொன்னேன். அதுதான் முதல் பொய் என்று இப்போது தெரிகிறது.

அந்தக் கிழமைதான் கனடாவிலிருந்து வந்த ஒருவரிடம் என் அக்கா இந்தப் பேணியைக் கொடுத்தனுப்பியிருந்தார். பால் கலக்காத மா, சொக்லேற் ருசி. முட்டை வெள்ளையைக் காயவைத்து அரைத்தது. வெளியில் முட்டைப் படம் எதுவும் இல்லை. பொடி எழுத்தில் அல்புமின் என்று ஒரு சொல் மட்டும். மூன்று நாள் மேசைக்குக் கீழே வைத்திருந்தேன். நான்காம் நாள் எடுத்து மேலே வைத்தேன்.

நீ வழக்கம்போலப் பின்பக்கத்தைத் திருப்பி என்னிடம் தந்தாய். நான் வாசித்தேன். புரதம் இவ்வளவு, சீனி இல்லை, கொழுப்பு இல்லை, நாளுக்கு இரண்டு கரண்டி, மொத்தம் எண்பது கரண்டி. ஒரு வரியை மட்டும் தாண்டிப் போனேன்.

"மச்சம் ஒண்டும் இல்லைத்தானே?" என்றாய்.

"இல்லை. நீ குடி."

நீ இன்னொரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். உன் கை வற்றுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை, அது உண்மை. கடைச் சுவருக்கு ஒரு படம் தேவைப்பட்டது, அதுவும் உண்மை. உன் நேர்த்தியை நான் ஒரு சின்ன விஷயமாக நினைத்தேன். அது எனக்குச் சின்னது என்பதால் உனக்கும் சின்னது என்று வைத்துக்கொண்டேன்.

நாற்பது நாள் குடித்தாய். வயிறு ஊதவில்லை. கை திரும்பி வந்தது. மூன்றாமிடம் வந்தாய். மேடையிலிருந்து இறங்கி வந்து, எண்ணெய் உடம்போடு என்னைக் கட்டிப்பிடித்து என் வெள்ளைச் சேட்டை நாசமாக்கினாய். அந்தச் சேட்டு இப்போதும் அலுமாரியில் கிடக்கிறது. கறை போகவில்லை, எறியவும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் சென்றுதான் தம்பியை விட்டார்கள். அவன் வந்த நாள் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாய். உன் அம்மா பாரைமீன் குழம்பு வைத்திருந்தார். எல்லோரும் பாயில் இருந்தோம். உன் சாப்பாட்டுக் கோப்பையில் முதல் மீன் துண்டு விழுந்ததும் நீ அதைத் தொடாமல் சொந்தக்காரரைப் பார்த்துச் சொன்னாய்:

"அஞ்சு மாசம். ஒரு முள்ளுக்கூட நாக்கிலை படேல்லை. இவன்தான் சாட்சி. நான் குடிச்ச மாவைக்கூட இவன் வாசிச்சுப்போட்டுத்தான் தந்தவன். கேட்டுப் பாருங்கோ."

உன் அம்மா என்னைப் பார்த்தார். "ஓமே, தம்பி?" என்றார்.

"ஓம்" என்றேன்.

அவர் கரண்டியைக் குழம்புக்குள் விட்டு, பெரிய தலைத்துண்டை எனக்குப் போட்டார். நான் முழுவதையும் சாப்பிட்டேன். அந்த மீனைப்போல ருசியான மீனை நான் சாப்பிட்டதில்லை என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் என்ன ருசி என்று எனக்கு நினைவில்லை.

பிறகு எத்தனையோ நாள் சொல்ல வாய்ப்பு வந்தது. தம்பிதான் வந்துவிட்டானே, இனி எதற்கு என்று விட்டேன். போன மாரியில் நீ டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசியாக ஒரு வாய்ப்பு வந்தது. மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு அவித்த முட்டை தந்திருந்தார்கள். நான் உடைத்து உரித்துத் தந்தேன். நீ வெள்ளையை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு மஞ்சளை என்னிடம் நீட்டினாய்.

"இந்தா, உன்ரை பங்கு."

வாய்வரை வந்தது, மச்சான். மஞ்சளை வாயில் போட்டு அதையும் சேர்த்து விழுங்கினேன். காய்ச்சல் விடட்டும், வீட்டுக்கு வரட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

நேற்று உன் தம்பி பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான். முகத்தில் உன் சாயல் இல்லை. ஆனால் பேணியைத் திருப்பி என்னிடம் நீட்டிய கை உன்னுடைய கைதான்.

"இதிலை முட்டை இருக்கு" என்றேன். "அண்டைக்கும் இருந்தது. நான் சொல்லேல்லை."

அவன் பேணியை மேசையில் வைத்தான். வெளியே ஒரு பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"கடைசிவரைக்கும் தெரியாது."

"அப்ப அவர் நேர்த்தியை முறிக்கேல்லை." சுவரில் இருந்த படத்தை இன்னொரு முறை பார்த்தான். "எனக்காகப் பிடிச்சதை அவர் சரியாத்தான் பிடிச்சவர். முறிச்சது நீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். எத்தனை நாள் என்று கேட்டான். நாற்பது என்றேன். பிறகு தட்டிலிருந்து பட்டாணி மாப் பேணி ஒன்றை அவனே எடுத்து மேசையில் வைத்தான்.

"வாசியுங்கோ. ஒண்டும் விடாமல்."

வாசித்தேன். புரதத்திலிருந்து உப்புவரை, எங்கே செய்தது, எங்கே வைக்க வேண்டும் என்பதுவரை, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். மாவை எடுத்துக்கொண்டு போனான். பழைய பேணியை விட்டுவிட்டுப் போனான். மறந்துபோனானா, வேண்டுமென்றே விட்டானா என்று தெரியவில்லை.

இன்று மத்தியானம் என் மனைவி சூடைமீன் பொரித்திருந்தாள். எனக்கு வேண்டாம் என்றேன். "ஏன், வருத்தமே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நாற்பது நாளுக்கு மச்சம் இல்லை, முட்டையும் இல்லை என்றேன். வேதக்காரருக்கு இதென்ன புதுப் பழக்கம் என்று சிரித்தாள். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை விட்டுவிட்டு எழுந்துபோய், இருந்த பருப்பையும் கீரையையும் எனக்கு முன்னால் தள்ளி வைத்தாள்.

உன் அம்மாளுக்கு இது கணக்கில் வருமோ தெரியாது. இப்படிச் செய்வது முறையா என்று கேட்க எனக்கு யாரையும் தெரியாது. நீ இருந்திருந்தால் உன்னிடம்தான் கேட்டிருப்பேன். நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பிறகு ஒரு கிழமை என்னோடு கதைக்காமல் இருந்திருப்பாய். அந்தக் கோபத்தை நான் வாங்கியிருக்க வேண்டும். அதை வாங்காமல் தப்பியதுதான் எனக்கு இப்போது பாரமாக இருக்கிறது.

பேணியை உன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். நாற்பத்தோராம் நாள் அதைக் கொண்டுபோய் உன் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். தம்பி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான், அதை என்னிடம்தான் விட்டிருப்பான். உன் அம்மா என்னைக் கண்டதும் பாயை விரிப்பார். எனக்கென்று சட்டியில் மீன் வைப்பார். அதில் கை வைப்பதற்கு முன்பு சொல்லிவிடுவேன், மச்சான். சொன்ன பிறகும் அவர் போட்டால், சாப்பிடுவேன்.