பட்டியலில் என் பெயருக்கு எதிரே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ மூன்று தடவை கூப்பிட்டாய். கோபத்தில் போனை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னைக் கேட்காமல் நகராட்சியின் முதியோர் கவனிப்புப் பட்டியலில் என் பெயரைக் கொடுத்திருக்கிறாய். பெயருக்கு எதிரே 'வல்னரபிள்' என்று போட்டிருக்கிறார்கள். லேத் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் நாளுக்கு ஒரு பக்கமாகப் படித்த அகராதி இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். எளிதில் தாக்கப்படக்கூடியவர், காப்பு இல்லாதவர் என்று பொருள். உதாரணத்துக்குக் கைக்குழந்தையையும் மதில் இல்லாத ஊரையும் சொல்லியிருக்கிறான் அகராதிக்காரன். எழுபத்தாறு வயது லேத்காரனை எங்கும் சொல்லவில்லை. என் கதவில் நானே கடைந்த தாழ்ப்பாள் மூன்று இருக்கிறது. எனக்கா காப்பு இல்லை?

வியாழன்தோறும் பதினொரு மணிக்கு நகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் வருவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, எங்கேயாவது விழுந்தீங்களா என்று மூன்றே கேள்வி. கதவைத் திறக்காமலே பதில் சொல்வேன். "திறங்க பெரியவரே, நான் என்ன கடிக்கவா போறேன்?" என்பாள். வாய்க்கொழுப்பு. போன மாதக் கடைசியில், இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டேன். "சரி, உங்க இஷ்டம்" என்று போய்விட்டாள்.

போன புதன்கிழமை குளியலறையில் கொஞ்சம் வழுக்கிவிட்டது. முழங்கால்தான், பயப்படாதே. எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தரையில் கிடந்தபடி பார்த்தால் வாசல் கதவின் மூன்று தாழ்ப்பாளும் நேராகத் தெரிந்தன. நல்ல வேலைப்பாடு. கடப்பாரை போட்டாலும் திறக்க முடியாது.

மறுநாள் வியாழன். மூன்றாவது கேள்விக்கு முதல் தடவையாக என்னிடம் பதில் இருந்தது. இரண்டு டம்ளரில் டீ ஊற்றி வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு இரண்டையும் நானே குடித்தேன்.

வெள்ளிக்கிழமை கம்பை ஊன்றிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பெயரை அடிக்கத்தான் போனேன். ஆனால் பட்டியலை வாங்கி, அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் 'தனியாக இருப்பவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியது பொய்யில்லை. குமாஸ்தாவுக்குத்தான் கோபம். "இஷ்டத்துக்கு எழுதக் கூடாது தாத்தா. ஏற்கெனவே வரவேண்டாம்னு சொல்லிட்டீங்க. மறுபடி ஆள் அனுப்பணும்னா பேர் குடுத்த உங்க மகதான் சொல்லணும்" என்றான்.

ஆகவே நீ அவர்களுக்குப் போன் செய். அந்த வார்த்தையை மாற்றச் சொல். மாற்ற மாட்டோம் என்றால் சண்டை போடாதே, அது இருந்துவிட்டுப் போகட்டும். வியாழன் பதினொரு மணி என்பதை மட்டும் அழுத்திச் சொல். இப்போது நடுத் தாழ்ப்பாளை மட்டும்தான் போடுகிறேன். அது வெளியிலிருந்து தள்ளினாலும் திறக்கும்படி அரத்தால் ராவி வைத்திருக்கிறேன்.

போன் மேஜைமேல் இருக்கிறது. நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, அம்மா.

இப்படிக்கு,
அப்பா