பதின்மூன்றாம் நம்பர் போத்தல்

கொட்டாஞ்சேனை
2025 ஜனவரி 18, சனி

என் செல்லப் பேத்தி சாமினிக்கு, அம்மம்மா மெற்றில்டா ஆயிரம் முத்தத்தோடு எழுதுவது.

உன் ஐஸ் பெட்டி இதோ உன் சிநேகிதி மர்லியாவின் கையில் வருகிறது. இருபது போத்தலும் நிறைந்திருக்கின்றன, பிள்ளை! நீ கண்டியில் பயோகெமிஸ்ட்ரி படிக்கிறாய், நான் இங்கே உன் ஆராய்ச்சிக்குத் துப்பல் சேர்க்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதுவே கம்பஸுக்குப் போனது மாதிரி. காது மந்தமாகி, ஃபோனில் உன் குரல் வெறும் இரைச்சலாகிப் போனதும் நல்லதுக்குத்தான். இல்லாவிட்டால் உன் கையெழுத்தில் எனக்கு இத்தனை கடிதம் வருமா?

நீ எழுதியபடி ஒரு பாண் துண்டை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தேன். இனித்தது! மாவைச் சீனியாக்குகிற அந்த அமிலேஸ் எழுபத்திரண்டு வருஷமாக என் வாய்க்குள் இருந்திருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. இப்போது மீன்காரர் ராசிக்குக்கும் பாண் கொடுத்து மெல்ல வைத்துவிட்டேன்.

வெற்றிலை போடுகிறவர்கள் பத்துப் பேர், போடாதவர்கள் பத்துப் பேர். காலைப் பூசை முடிந்ததும் எல்லாரையும் முன்னறையில் இருத்தினேன். பக்கத்து வீட்டு யூஜினா கேட்கிறாள், "என்ன மெற்றில்டா அக்கா, எங்கட துப்பலைப் பார்த்தோ உங்கட பேத்திக்குப் பட்டம் குடுக்கப் போறாங்கள்?"

"ஓம். உன்ர வாயைக் கண்டாங்கள் எண்டா உனக்கே குடுத்துப்போடுவாங்கள்" என்றேன்.

எல்லாரும் உன் சம்மதப் பேப்பரில் கையெழுத்து வைத்தார்கள். பெயர் வெளியில் போகக் கூடாது, நம்பர்தான் என்றாய். பெயர்ப் பட்டியலை என் செபப் புத்தகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். பதின்மூன்றாம் நம்பரை எடுக்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு துணிந்த கட்டை எடுத்தது.

ஒரு கரைச்சல்: சீனி வியாதிக்கு மாத்திரை விழுங்கும் கிழவிகள், வாய் காய்ந்து ஒரு சொட்டும் வரவில்லை. அரை மணித்தியாலம் பொறுத்தேன். பிறகு ஒரு வேலை செய்தேன், பத்து நிமிஷத்தில் போத்தல்கள் நிறைந்தன. என்ன வேலை என்று கேட்காதே. அது என் கெட்டித்தனம்.

புனித அந்தோனியார் உன் பக்கத்தில் நிற்பார்.

நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் உன்
அம்மம்மா

&nbsp;

கண்டி
பெப்ரவரி 2

என் தங்க அம்மம்மாவுக்கு,

ஒரு பெரிய செய்தி. வெற்றிலை போடுகிறவர்களுக்கு அமிலேஸ் குறைந்திருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். போடாதவர்களுக்கும் குறைவு, அம்மம்மா! அதுவும் கொஞ்சநஞ்சக் குறைவில்லை. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே. என் ஆராய்ச்சியைப் பார்க்கும் சேர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அந்த ஊர்த் தண்ணியோ, சாப்பாடோ, என்னவோ இருக்கு சாமினி. இதை ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை" என்றார்.

மார்ச் மாத ஆய்வுக் கூட்டத்தில் நான் பேசப் போகிறேன். நாலாம் வருஷப் பிள்ளைகளில் நான் ஒருத்திதான். என் பேச்சின் சுருக்கமும் எழுதி அனுப்பியாயிற்று. உங்களை முன் வரிசையில் இருத்துவேன், அந்த ஊதாச் சேலையோடு வரவேண்டும்.

பதின்மூன்றாம் நம்பர் போத்தலில் மட்டும் அமிலேஸ் சாதாரணமாக, நிறைய இருக்கிறது. இருபதில் ஒன்று அப்படித் தவறிப்போகும். அதைக் கழித்துவிடலாம் என்றிருக்கிறோம்.

துள்ளிக்கொண்டிருக்கும்
சாமினி

&nbsp;

கொட்டாஞ்சேனை
பெப்ரவரி 6

என் பிள்ளைக்கு,

உன் கடிதத்தைத் தெருவுக்கே வாசித்துக் காட்டினேன். பதின்மூன்றாம் நம்பர் என்ற இடத்தில் என் நாக்கு நின்றுவிட்டது.

அந்த ஆளின் பெயரைச் சொல்லமாட்டேன். அந்த ஆளுக்கு வயிற்றுப் புண், புளியே தொடுவதில்லை. அன்றைக்கு நான் செய்த கெட்டித்தனம் இதுதான், பிள்ளை: எல்லாருக்கும் ஆளுக்கொரு புளித் தேசிக்காய்த் துண்டு கொடுத்து உறிஞ்ச வைத்தேன். வாய் ஊறிக் கொட்டியது. வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். சாப்பாடுதானே கூடாது, தேசிக்காய் சாப்பாடா என்று எண்ணிவிட்டேன். பதின்மூன்று மட்டும் தேசிக்காய் வேண்டாம் என்று, வெறும் வாயோடு ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து நிரப்பியது.

சந்தேகம் வந்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அரிசி மாவில் பசை காய்ச்சி, சூடு தணிந்ததும் இரண்டு கோப்பையில் ஊற்றினேன். ஒன்றில் என் வெறும் எச்சில். மற்றதில் தேசிக்காய் உறிஞ்சிய எச்சில். ஒரு செபமாலை சொல்லி முடித்துப் பார்த்தேன். முதல் கோப்பை தண்ணீராக ஓடியது! மற்றது கரண்டியை விட்டு அசையவில்லை. நீ மூன்று தடவை செய்தாய் என்றாய், நானும் மூன்று தடவை செய்தேன், மூன்று செபமாலை. ஒவ்வொரு தடவையும் கை தட்டவும் வந்தது, அழுகையும் வந்தது.

நீ கழிக்கப் பார்க்கும் போத்தல்தான் நல்ல போத்தல். தேசிக்காய்ப் புளியால் மற்றப் பத்தொன்பதையும் கெடுத்தவள் நான். எங்கள் தண்ணீரிலும் ஒன்றும் இல்லை, சாப்பாட்டிலும் ஒன்றும் இல்லை.

நேற்று முழுக்க யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ மேடையில் நிற்பாய், நான் ஊதாச் சேலையோடு முன்னால் இருப்பேன். அப்படி இருந்து உன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

என்னை ஏசியாவது எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அம்மம்மா

&nbsp;

கண்டி
பெப்ரவரி 17

அம்மம்மாவுக்கு,

பிந்தித்தான் எழுதுகிறேன். கடிதம் கிடைத்து மூன்று நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. உங்கள் மேல் சரியான கோபம். ஐஸ் பெட்டியைத் திறந்தபோது தேசிக்காய் மணத்ததுதான். மர்லியா ஜூஸ் ஊற்றிவிட்டாள் என்று அவளை ஏசியிருந்தேன். அந்த மணத்தை ஏன் எழுதி வைக்கவில்லை என்று என் மேலும் கோபம். உங்கள் கடிதத்தைக் கிழித்தால் ஒருவருக்கும் தெரியாது என்றும் ஒரு இரவு நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன்.

பிறகு அந்த இரண்டு கோப்பையையும் லாபில் செய்து பார்த்தேன். செபமாலைக்குப் பதில் மணிக்கூடு. உங்களுக்கு வந்ததே எனக்கும் வந்தது.

கடிதத்தைச் சேருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு கேட்டார், "ஆளுக்கு எவ்வளவு தேசிக்காய்? கேட்டு எழுதும்." கூட்டத்துக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திருப்பி எடுத்துவிட்டோம். மேடை இல்லை. ஆனால் ஆராய்ச்சியை மார்ச் பத்துக்குள் முடித்துக் கொடுத்தால் பட்டம் தப்பிப் பிழைக்கும். புதிய போத்தல்கள் இருபது மர்லியா கொண்டு வருகிறாள்.

அம்மம்மா, இந்த முறை வாயில் ஒன்றும் வேண்டாம். என்ன செய்தாலும், எவ்வளவு சின்ன விஷயமானாலும், எனக்கு எழுதுங்கள்.

சாமினி

&nbsp;

கொட்டாஞ்சேனை
பெப்ரவரி 22, சனி

என் ராசாத்திக்கு,

நீ எழுதினாய்! கடிதத்தைக் கண்டதும் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

சேருக்குச் சொல்: ஒரு தேசிக்காயை நாலாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு.

இனி இன்றைக்கு நடந்தது எல்லாம். ஏழரை மணிக்கு எல்லாரும் முன்னறையில் இருந்தோம். வீட்டில் தேசிக்காய், புளி, அச்சாறு எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை யூஜினாவிடம் கொடுத்தேன். எட்டரை வரைக்கும் போத்தல்களின் அடியே நனையவில்லை. அப்போது நான் கதைக்கத் தொடங்கினேன். பெரிய நாளுக்கு ஆட்டிறைச்சியில் புரியாணி ஏற்றுவதைப் பற்றி: நெய் ஊற்றுவது, வெங்காயம் பொன்னிறமாவது, மூடியைத் திறக்கும்போது வருகிற வாசம். "போதும் அக்கா, இனி மோர்க்கறிக்குப் போங்கோ!" என்று ஒருத்தி. "வாயை மூடடி, அவ இறைச்சியை இன்னும் இறக்கேல்லை" என்று இன்னொருத்தி. ஊறியது பிள்ளை, குழாய் திறந்த மாதிரி! ஒருத்தர் வாய்க்குள்ளும் ஒன்றும் போகவில்லை. காதுக்குள் போனதுதான். அது கணக்கில் சேருமா என்று சேரிடம் கேள்.

பத்தொன்பது போத்தல் நிறைந்துவிட்டன. ஏழாம் நம்பர் பாதிதான். யாருடைய பெயரையும் சொல்லக் கூடாது என்றாலும் என் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது: அது என்னுடையது. இரண்டு மணித்தியாலம் கதைத்துக் கதைத்து என் வாய் வறண்டு போயிற்று. இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம், அலுமாரித் திறப்பும் பக்கத்தில் யூஜினாவின் கையில்தான் இருந்தது. வேண்டாம் என்று மூடியை இறுக்கிவிட்டேன்.

பாதியைப் பாதியாகவே அனுப்புகிறேன்.

அம்மம்மா மெற்றில்டா
(நம்பர் 7)