பெருநாளுக்கு முன் கொத்திய வயல்

திருவேட்டக்குடி
10.8.1978

அன்புள்ள மச்சானுக்கு ஆரிபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்து வெயில் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

போன வருஷப் புயலில் கடல் ஏறிய நம் வயலில் நெல் வரவில்லை. உப்பு மண்ணில் வரும் உமரிச் செடிதான் சிவப்பாகப் படர்ந்து கிடந்தது. பெருநாளைக்கு வருவதாக எழுதியிருந்தீர்களே, வீட்டுக்கு வெள்ளையடித்த கையோடு வயலையும் கொத்திவிட்டேன். ஆள் கிடைக்கவில்லை, நானே மண்வெட்டி பிடித்தேன். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். நீங்கள் வரும்போது வயல் துப்புரவாக இருக்க வேண்டாமா?

உங்கள் ஆரிபா

குவைத்து
2.9.1980

அன்பு ஆரிபாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

இந்தப் பெருநாளைக்கும் லீவு கிடைக்கவில்லை, கோபிக்காதே. அடுத்த பெருநாளைக்கு நிச்சயம் வருகிறேன். வயலைக் காடாக விட்டுவிடாதே. கொத்தி வை, வந்து உழுகிறேன். உன் தங்கை மகளை எடுத்து வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நான் வந்தால் நமக்கே பிறக்கும். பொறுத்திரு.

மன்சூர் அலி

திருவேட்டக்குடி
5.8.1982

மச்சானுக்கு ஸலாம்.

பெருநாள் போய்விட்டது. உங்களுக்காகச் செய்த வட்டிலப்பத்தை எதிர்வீட்டு ரோஷன் பேகத்துக்குக் கொடுத்தனுப்பினேன். வயலை இந்த வருஷமும் கொத்தினேன். புல் பூண்டு இல்லாமல், உப்புப் பூத்து, பார்க்கவே கண் கூசுகிறது. சீக்கிரம் வாருங்கள்.

ஆரிபா

திருவேட்டக்குடி
11.2.1985

மச்சானுக்கு ஸலாம்.

பக்கத்து வயல் தங்கப்பன், புயலுக்குப் பிறகு வெளியூர் வேலைக்குப் போனவன், தன் நிலத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. சோம்பேறி என்று எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். அங்கே உமரி முளைத்துச் செத்து மக்கியது. அதன்மேல் அருகு வந்தது, பிறகு கோரை. போன வருஷம் வந்து உழுதான். இந்தத் தையில் நெல் அறுத்துவிட்டான்.

நம் வயல் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன். "வெறும் மண்ணுல வெயிலு பட்டா அடியில உள்ள உப்பு மேல ஏறிடும்க்கா. முளைச்சதை நீங்க விட்டிருக்கணும்" என்றான்.

வீட்டுக்கு வந்து அழுதேன் மச்சான். நீங்கள் வருவீர்கள் என்று வயலிலும் வீட்டிலும் எதையும் நான் தங்கவிடவில்லை. அன்றைக்குக் கேட்ட தங்கை மகள் வளர்ந்துவிட்டாள், இனி என்னிடம் ஒட்டமாட்டாள். அவள் தம்பியைக் கூட்டி வந்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. உம்மாவைத் தேடி அழுகிறான், பழகிவிடுவான்.

வயலை இனிக் கொத்தப்போவதில்லை. உமரி வந்திருக்கிறது, இருக்கட்டும். நெல் விளைய வருஷங்கள் ஆகும்.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. ஆசையும் போகவில்லை. வந்தால் சோறு போடுவேன். ஆனால், வருகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் மறுபடி மண்வெட்டியை எடுத்துவிடுவேன்.

ஆரிபா