ஆடி பிறப்பதற்குள்

12 ஜூன் 1989, திங்கள்

காலையிலிருந்தே மேல்காற்று. மலையில் மூட்டம், ராஜபாளையத்தில் ஒரு தூறல் இல்லை. கொடியில் போட்ட சட்டை பக்கத்து வீட்டு முருங்கையில்.

ஸ்டவ் பின் உடைந்துவிட்டது. காபி கிடையாது. வாங்க வேண்டியது: பின், சோப்பு, நெருப்புப்பெட்டி.

மில்லில் லீவு எழுதிக் கொடுத்தேன். ஐந்து வாரம், சம்பளமில்லாமல். மேஸ்திரி, "ஏமிரா, திரும்பவும் ஸ்கூலுக்குப் போறியாமே, சிலேட்டு வாங்கிட்டியா?" என்றார். மெயின்டனன்ஸ் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். செல்வி போன பிறகு என்னைக் கிண்டல் செய்வது இதுதான் முதல் தடவை. நானும் பல்லைக் காட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பயிற்சி. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. ஊருக்கும் உதவ வேண்டும், சொந்தக் காலிலும் நிற்க வேண்டும், அப்படி ஒரு தொழிலை நடத்தக் கற்றுக்கொடுப்பார்களாம். சமூகத் தொழில்முனைவு என்று வாசல் போர்டில் எழுதியிருந்தது. எனக்கு அதெல்லாம் இல்லை. முடிவில் ஒருத்தருக்கு அறக்கட்டளையிலேயே வேலை உண்டு. பகல் வேலை. அதற்காகத்தான்.

செல்வியின் பதினாறாம் நாள் காரியத்தன்று அவள் அப்பா, மாமா, பாப்பாவைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னது: "நைட் ஷிப்ட் பாக்குற ஆளுட்ட பச்சப்புள்ளய எப்பிடி மாப்ள விடுறது? பகல் வேல ஒண்ணு பாத்துட்டு வாங்க. தூக்கிட்டுப் போங்க." அத்தை, "ஆடி பொறந்துட்டா புள்ளய எடம் மாத்தக்கூடாது" என்றாள். ஆடிக்கு இன்னும் ஐந்து வாரம். கணக்கு சரியாக வருகிறது.

16 ஜூன், வெள்ளி

பயிற்சி நடத்தும் மேடம் மதுரைக்காரர். என் வயதுதான் இருக்கும். விலை போடுவது எப்படி, மனு எழுதுவது எப்படி, கூட்டத்தில் நின்று பேசுவது எப்படி. எழுந்து பேசச் சொன்னார். என் பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், பிட்டர் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் முருகேசன், சுந்தரபாண்டியத்துக்காரன். "ஏலே, ரேசன் கடை வரிசையில கூட இதவிட அதிகம் பேசுவானுக."

மேடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். "மொதல்ல போய்க் கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிக்கோங்க. பதிலையும் நீங்களே எடுத்துக் குடுத்துராதீங்க."

நான் கேட்கப் போகவில்லை. கேட்கப் போனால் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, செல்வியைப் பற்றி விசாரிப்பார்கள். மஞ்சக்காமாலைன்னாங்களே, முன்னாடியே பாக்கலயா என்பார்கள். அதனால் மெஷின் செய்கிறேன். செட்டியார்பட்டியில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணியைக் கையால் சுருட்டுகிறார்கள். கைப்பிடி சுற்றினால் துணி தானே சுருண்டுகொள்ளும் மாதிரி ஒன்று. பழைய இரும்புக் கடையில் ஆங்கிள், பேரிங், ஒரு சைக்கிள் சக்கரம்.

ராத்திரி நல்ல தூக்கம். வெல்டிங் வைத்த நாளில் தூக்கம் வருகிறது.

26 ஜூன், திங்கள்

தட்டுவண்டியில் மெஷினை ஏற்றிச் செட்டியார்பட்டி போனேன். காற்றில் வண்டி இழுக்க முடியவில்லை.

பத்துப் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். சுருட்டிக் காட்டினேன். சீராக வந்தது. 

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏட்டி, தைப்பொங்கலுக்கு இதுல கரும்பு புழியலாம்டி."

"புழிஞ்சு ஒன் மாமியாளுக்கு ஊத்து. வாயி அப்பவாச்சும் இனிக்கட்டும்."

ஒரே சிரிப்பு. சுப்புத்தாய் என்று ஒரு அம்மா, அவர்களில் மூத்தவர், கிட்டே வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கீரு. இதுக்கு நாங்க நின்னுக்கிட்டுல்ல சுத்தணும். புள்ளய எங்க போடுறது?"

புரியவில்லை. அவர் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். மருமகள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு காலுக்கும் நடுவில் குழந்தை, தூக்கம். பக்கத்தில் பலகை, அதில் துணி சுருள்கிறது. குழந்தை நெளிந்தால் கால் ஆடுகிறது. கை நிற்கவில்லை.

எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். கைக்குழந்தை இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தை.

"ஒசரம் எங்க அளவெடுத்தீரு?" என்று கேட்டார். சும்மா என்றேன். செல்வி அடுப்பு மேடையில் நின்றால் கை எந்த உயரத்தில் வருமோ அந்த உயரம். யோசித்து வைத்ததில்லை. கை அதுவாக அங்கே நிறுத்தியிருக்கிறது.

எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. ஒரு மெஷின் முழுக்கச் செய்து முடித்தேன், பிள்ளைக்கு இடம் வைக்கத் தோன்றவில்லை.

29 ஜூன், வியாழன்

திரும்பவும் செட்டியார்பட்டி. இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லை. "உங்களுக்கு இதுல எது கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அது மகா கஷ்டம். இடையில் மூன்று தடவை பதில் சொல்ல வாயெடுத்தேன்.

ஒவ்வொருத்தராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். சுருட்டுவது கஷ்டமே இல்லையாம். துணி எடுக்கவும் சுருட்டியதைக் கொடுக்கவும் ராஜபாளையம் போய்வருவதில்தான் பாதி நாள் போகிறது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. மழையில் நனைந்தால் துணி தள்ளுபடி.

"இங்கனயே ஒரு எடத்துல துணிய எறக்கி, இங்கனயே வாங்கிக்கிட்டா போதும்யா. வேற என்னத்துக்கு மெசினு?"

அதாவது ஒரு ஷெட். ஒரு ஆள். என் மெஷினுக்கு வேலையே இல்லை. வருத்தம் வந்ததா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பசித்தது. பஸ் ஸ்டாண்டில் பரோட்டா.

2 ஜூலை, ஞாயிறு

மகாராஜபுரம். மாமா வீட்டுக்கு. பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர், ஒரு மாடு விற்றதைப் பற்றி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வரை சண்டை. இறங்கும்போது தோளில் கை போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

பாப்பாவை வளர்ப்பது மதினி. செல்வியின் அக்கா. அவள் புருஷன் பட்டாளத்தில். மதினியின் மகன் பால் மறக்கும் சமயத்தில்தான் செல்வி போனாள். மதினி பாலை நிறுத்தாமல் பாப்பாவுக்குக் கொடுத்துவருகிறாள். இப்போது ராகிக் கூழும் ஊட்டுகிறார்கள்.

தூக்கினேன். என் முகத்தைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, பொறவு ஒரே அலறல். மதினி வாங்கியதும் நின்றுவிட்டது.

மாமா, "மொகம் மறந்துருச்சு மாப்ள. அடிக்கடி வந்து போனாத்தான?" என்றார். குத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான். அதுதான் உண்மையும். இன்னும் ஒரு மாதம் போனால் நான் யாரோ.

மதினி பாப்பாவோடு உள்ளே போய்விட்டாள். அதிகம் பேசுகிறவள் இல்லை. முகம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது. செல்வியைத் தூக்கிய அன்றுகூட இவள் அழவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டது ஞாபகம்.

14 ஜூலை, வெள்ளி

பயிற்சி கடைசி நாள். காற்றில் மின்சாரம் போய்விட்டது, கதவைத் திறந்துவைத்துப் பேசினோம்.

என் முறை. மெஷின் செய்ததைச் சொன்னேன். செட்டியார்பட்டிப் பெண்கள் அது வேண்டாம் என்றதை, ஏன் வேண்டாம் என்றதை, என்ன வேண்டும் என்றதைச் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. உட்கார்ந்ததும் முருகேசன், "எலேய், ஒனக்கு வாயி இருக்குலே" என்றான்.

இந்தப் பயிற்சியில் என்ன கற்றோம் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். முருகேசன்: கூச்சம் போச்சு, எந்த ஆபீசுக்கும் தைரியமாப் போவேன். வேறொருத்தர்: விலை போடுறது. நான் கேட்கக் கற்றுக்கொண்டேன் என்றேன். மேடம் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார்கள். செட்டியார்பட்டியில் அறக்கட்டளை ஷெட் போடுகிறது, அதற்கு நான் பொறுப்பாளர். காலை முதல் மாலை வரை. அங்கே போய்ச் சொன்னதும் சுப்புத்தாய், "புள்ளயக் கொண்டாரும்யா. எத்தன காலு கெடக்கு இங்க. ஒண்ணுல போட்டுக்கிடுதோம்" என்றார்.

வாங்கியது: பால் பாட்டில், ரப்பர், சின்னப் பாய், கொசுவலை.

16 ஜூலை, ஞாயிறு

நாளை ஆடி. காலை பஸ்ஸில் மகாராஜபுரம். பை நிறையச் சாமான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வேலை, ஷெட், பாட்டில், பாய். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

மாமாவிடம் சொன்னேன். "பெறகென்ன, சொன்ன சொல்லு சொன்னதுதான். தூக்கிட்டுப் போங்க மாப்ள." அத்தை துணிமணி எடுத்துவைக்கப் போனாள். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

மதினி கொல்லைப்புறத்தில் பாப்பாவுக்குப் பால் கொடுத்து முடித்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை.

"மதினி, ஒங்களுக்கு என்ன வேணும்?"

நிமிர்ந்து பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பாப்பா ஏப்பம் விட்டது. கோழி ஒன்று வந்து போனது.

"எனக்கு அழணும், தம்பி."

அப்புறம் மெதுவாக, வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல: "பால் குடுக்குறவ அழுதா பால் கெட்டுரும், புள்ளைக்குச் சேராதுன்னுட்டா அம்மா. செல்வியத் தூக்கையில இவ என் மடியில கெடந்தா. அன்னையில இருந்து அழல. தெனமும் நாளைக்கி அழலாம், நாளைக்கி அழலாம்னு வச்சிருக்கேன்."

பாப்பாவின் வாயை முந்தானையால் துடைத்தபடி: "நீங்க இவளத் தூக்கிட்டுப் போயிட்டா அழுதுருவேன். ஆனா தங்கச்சிக்கு அழுறனா, இவளுக்கு அழுறனான்னு எனக்கே தெரியாது. அவளுக்குன்னு ஒரு அழுகை வேணாமா?"

பாப்பாவைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"இப்ப ஒரு பொழுது மட்டும் இவள அங்கிட்டுக் கொண்டு போறீகளா? அழுதாலும் கொண்டாராதீக. நான் கூப்புடுற வரைக்கும்."

தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனேன். பாப்பா கத்தியது. என் சட்டையைப் பிடித்து இழுத்தது, வீட்டுப் பக்கம் கையை நீட்டியது. தட்டினேன், ஆட்டினேன், மலையைக் காட்டினேன். ஒங்க அம்மாவுக்கு அழ ஒரு ஆள் இருக்கு என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

காற்று வீட்டுப் பக்கமிருந்துதான் அடித்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. கரையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். யாரோ இப்போதுதான் செத்துப்போன மாதிரி இருக்கே என்று ஒருத்தி எழுந்து நின்று பார்த்தாள்.

பாப்பா கத்திக் கத்தி என் தோளிலேயே தூங்கிவிட்டது. வெயில் சாய்ந்தது. கடைசி பஸ் வத்திராயிருப்புப் பக்கம் திரும்பிப் போவதைக் கரையில் நின்று பார்த்தேன். விடிந்தால் ஆடி. மதினி இன்னும் கூப்பிடவில்லை.