மூட்டைக்கு முன்னால் சீட்டு

முள்ளுக்குறிச்சி
14.3.2009

அன்பு மருமகள் நசீபாவுக்கு மாமி மஹ்மூதா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் மாமாவும் மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டு நலமாக இருக்கிறோம். பெங்களூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் பிஸ்கட்டில்தான் குடித்தனமா?

போன் இருக்கும்போது மாமிக்கு எதற்குக் கடுதாசி என்று சிரிப்பாய். போனில் என்றால் உன் மாமா பக்கத்தில் நின்று பேச்சை எடுத்துக் கொடுப்பார். நீ பாதியில் அழுதுவிடுவாய். என் எழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும், பொறுத்துப் படி.

போன வாரம் நீ படிக்கிற புதுக் கம்ப்யூட்டர் பாஷையைப் பற்றிச் சொன்னாயே, அதன் பெயர் என் வாயில் நிற்கவில்லை. விஷயம் நின்றுவிட்டது. வேலி மாதிரி ஒரு குறி, கூரை மாதிரி ஒரு குறி, அப்புறம் வளைந்த அடைப்புக்குள் குறிப்பு, அதற்குப் பின்னால்தான் பொருள். நம் மிளகுக் கடையில் பேர்ச் சீட்டைத் தரையில் வைத்து அதன்மேல் மூட்டையை இறக்குவார்களே, அப்படித்தான் மாமி என்றாய். நீ குறிப்பைப் பின்னால் எழுதி, அது அடுத்ததில் போய் ஒட்டிக்கொண்டது என்று மூக்கைச் சிந்தினாய்.

கேள் சங்கதியை. மறுநாளே உன் மாமா அதையே செய்தார்! மலைமேல் எடப்புளி நாட்டிலிருந்து வந்த ஆயம்மாளின் மூட்டையை இறக்கிவிட்டு, பிறகு அவள் சீட்டைப் பக்கத்தில் வைத்தார். அதன்மேல் பழனிமுத்துவின் மூட்டை வந்து உட்கார்ந்தது. ஆள் பார்க்காமல் அவள் சீட்டைப் பழனிமுத்துவின் மூட்டையில் கட்டியும் விட்டார். ஏனுங்க பாய், எனக்கும் இந்தக் கெழவனுக்கும் எப்பங்க கண்ணாலம் பண்ணி வெச்சீங்க என்று ஆயம்மாள் கேட்டதில் கடையே அதிர்ந்தது. பழனிமுத்து வெட்கப்பட்டதை நீ பார்த்திருக்க வேண்டும். உன் மாமா சீட்டை அவிழ்த்து மாற்றிக் கட்டினார். உள்ளே இருந்த மிளகு ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் நீ சொன்ன மற்றது ஞாபகம் வந்தது. குறிப்பு வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றென்றால் மெஷின் இரண்டையும் சமம் என்றே சொல்லுமாம். குறிப்பை மாற்றக் கேட்டால் பழையதைத் தொடாதாம். அதே சரக்கைப் புதுக் குறிப்போடு தனியாகக் கொடுக்குமாம். பழையது இருந்த இடத்திலேயே இருக்குமாம். இதற்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குக் கேலி செய்தேன்.

நேற்று உன் அம்மா பேசினார். உன்னைப் பெண் கேட்ட முபஷிர் வீட்டில் பதிலுக்குக் காத்திருக்கிறார்களாம். உனக்கும் அவரைப் பிடித்திருக்கிறதாம். அப்படியும் வேண்டாம் என்கிறாயாம். அப்சரின் பெண்டாட்டி என்கிற பேர் போய்விட்டால் மாமி வீட்டுக்கு எந்த முகத்தோடு போவேன் என்றாயாம்.

அடி கூறு கெட்டவளே! என் மகன் அப்சர் மௌத்தாகி அவனை அடக்கம் செய்த அன்று சோற்றைப் பிசைந்து என் வாயில் வைத்தவள் நீ. அவன் குறட்டையைப் பேசிச் சிரிக்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அப்சரின் பெண்டாட்டி எங்கேயும் போகமாட்டாள், இந்த வீட்டில் அப்படியே இருப்பாள். முபஷிர் வீட்டுக்குப் போகிறவளும் நசீபாதான். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் சமம். எந்தச் சீட்டைக் கட்டினாலும் உன் குழம்புக்கு உப்பு வரப்போவதில்லை, அதை மட்டும் அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடு.

இந்தக் கடுதாசி கிடைத்த கையோடு உன் அம்மாவிடம் சரி என்று சொல் கண்ணு. நிக்காஹ் முடிந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு வா. கடையில் உட்கார வைத்து எத்தனை தும்மல் தாங்குகிறார் என்று பார்க்கிறேன். இந்தத் தடவை உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். தொழும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறேன்.

வரும்போது விருந்தாளி மாதிரி கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதே. சாவி நீ வைத்த இடத்திலேதான் இருக்கிறது.

என்றும் உன் மாமி,
மஹ்மூதா பீவி