உப்பு பார்க்கப் போன சனிக்கிழமை

அத்தை,

இன்று சந்தையில் கருவாட்டுக் கூடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றுவிட்டது. அந்த வாசனைக்கு நான் எப்போதும் மூக்கைப் பொத்துகிறவள். மரக்காணத்தில் நீங்கள் வாங்கிய நெத்திலி, வீடு வந்தும் பையைவிட்டு எடுக்கப்படாமல் பதினைந்து நாள் கிடந்தது. கடைசியில் அதைக் கொண்டுபோய்க் கொல்லையில் புதைத்தவள் நான்தான். இன்று மூக்கைப் பொத்தவில்லை. விற்கிற அம்மா, "எவ்ளோ போடட்டும்?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வருகிற பங்குனியோடு நீங்கள் போய் இரண்டு வருடம். அந்த முறையும் புளி உலுக்கி முடித்த கையோடுதான் கிளம்பினோம். பாப்பா கடல் பார்க்கவேண்டும் என்றாள். உங்கள் மகன் மகாபலிபுரம் என்றார். நீங்கள்தான் மரக்காணம் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். "புளி நம்ம வூட்டுது. உப்பு எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தபா பாத்துட்டு வர்றேனே" என்றீர்கள். ஐம்பத்தாறு வயதில் நீங்கள் எங்களிடம் கேட்ட முதல் ஊர்ப் பயணம் அது. அதை யார் மறுப்பார்கள்?

நம் வீட்டில் ஒரு கட்டு உண்டே. மலை இறங்கிப் பயணம் போனால், திரும்பி வந்து வாசலில் கால் கழுவும்வரை யாரும் நோவு, சாவு பேசக்கூடாது. பேசினால் அது நம் கூடவே மலை ஏறி வந்துவிடும் என்பீர்கள். போளூர்க் கல்யாணத்தில் உங்கள் மகன் கன்னம் வீங்க இரண்டு நாள் பல்வலியை வெளியே சொல்லாமல் பந்தியில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் அவரை வெற்றிலைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை காலையில் உப்பளத்துக்குப் போனோம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பெல்லாம் வெள்ளைக் குவியல். கண்ணைத் திறக்க முடியவில்லை. நீங்கள் ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். கூடை சுமந்து வந்த பெண்ணிடம், "கால் வெடிச்சிருக்குதே, புளியங்கொட்ட அரச்சிப் போடும்மா" என்று வைத்தியம் வேறு சொன்னீர்கள். அவள் சிரித்துவிட்டுப் போனாள். உங்கள் முகத்தில் அவ்வளவு நிறைவை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பிற்பகலில் கடற்கரை. உங்கள் மகனும் பாப்பாவும் அலைக்குள் ஓடிவிட்டார்கள். நீங்கள் மணலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அரை மணி நேரம் ஆகியும் எழவில்லை. "இன்னாங்க அத்தை, கால் நனைக்கலியா?" என்றேன்.

"இரு, வெள்ளம் வடியட்டும்" என்றீர்கள்.

நம் ஓடையில் வெள்ளம் வந்தால் கல்மேல் உட்கார்ந்து வடியும்வரை காத்திருக்கிற பழக்கம் உங்களுக்கு. இது வடியாது என்று சொன்னபோது, "வடியாத தண்ணி இன்னா தண்ணி" என்று கடலையே கோபித்துக்கொண்டீர்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துத் திரும்பியபோதுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில், கழுத்தில், எல்லாம் வேர்வை. காற்று அடித்துக்கொண்டிருந்தது, உங்களுக்கு மட்டும் வேர்த்திருந்தது.

"நெஞ்சுலேர்ந்து எடது கைக்கு எறங்குது. நேத்து பஸ்ஸுலயே வந்துச்சி. அவங்கிட்ட சொல்லாத. ஞாயித்துக்கெழம வூட்டுக்குப் போய்ட்டுப் பேசிக்கலாம். கொழந்த எவ்ளோ சந்தோசமா கீறா பாரு."

முந்தானையால் உங்கள் முகத்தைத் துடைத்துவிட்டு, "சரிங்க அத்தை" என்றேன். அங்கிருந்து பாண்டிச்சேரி ஒரு மணி நேரம். பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள். பேருந்துக்குக்கூடக் காத்திருக்கவேண்டாம், ஆட்டோவே போகும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சரி என்றேன்.

மறுநாள் அத்தனை ஆஸ்பத்திரியையும் விட்டு விலகி, திண்டிவனம், திருவண்ணாமலை, போளூர் என்று பேருந்து மாறி மாறி மலை ஏறினோம். வாசலில் கால் கழுவினோம். இனி பேசலாம் என்று நான் உங்களைப் பார்த்தேன். "இப்ப ஒண்ணும் இல்ல. காலைல சொல்லிக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படுத்தீர்கள். திங்கட்கிழமை காலை அடுப்பு பற்றவைக்கப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டீர்கள். வண்டி பிடித்துப் போளூர் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு உங்கள் மகன் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒன்றும் தெரியாத மனிதர் என்ன பேசுவார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எதிரில் சாப்பிட உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. அவர் அம்மாவின் உயிரைத் தெரிந்தே விட்டுவிட்டவள் நான், அது தெரியாமல் எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறாரே என்று இருக்கும்.

இன்று சந்தையிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, அடித்தால் அடிக்கட்டும் என்று, கடற்கரையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சுத்தியல் நிற்கவே இல்லை. நாலைந்து புளியை உடைத்த பிறகுதான் பேசினார்.

"எங்கிட்டயும் சொன்னாங்க."

"எப்பங்க?"

"அன்னிக்குக் காலைல. நீ லாட்ஜுல பாப்பாவக் குளிப்பாட்டிக்கினு இருந்த. டீக்கடைல வச்சி, நெஞ்சு நோவுதுடான்னாங்க. ஒங்கிட்ட சொல்லாத, பயந்துக்குவா, ஊருக்குப் போய்ட்டுப் பேசிக்கலாம்ன்னாங்க. நானும் சரின்ட்டேன்."

அதற்குமேல் அவரால் தட்ட முடியவில்லை. இரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குற்றத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். இருவரும் அழுதோம். பாப்பா பள்ளியிலிருந்து வந்து பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். ஆயாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததை நாங்கள் மறைத்துவிட்டோம் என்று அவளிடமும் சொன்னோம். இனி இந்த வீட்டில் வலியை எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம், பயணத்திலும் சொல்லலாம் என்று உங்கள் மகன் அவளிடம் சொன்னார். உங்கள் கட்டை உங்கள் மகனே அவிழ்த்தார்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது, அத்தை. மறைக்க நினைத்தவர் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாமே. ஏன் இரண்டு பேரிடமும் சொன்னீர்கள்? இரண்டு பேரில் ஒருவராவது உங்கள் சொல்லை மீறி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவோம் என்று அந்த இரண்டு நாளும் எதிர்பார்த்தீர்களா? சாகும்வரை இந்தக் கேள்விதான் எனக்குத் துணை.

"எம் மருமவ எம் பேச்சக் கேக்கவே மாட்டா" என்று ஊரெல்லாம் சொல்வீர்கள். உண்மைதான். அன்றைக்கு ஒரு நாள்தான் கேட்டேன்.